ஆறு பாடும் மூன்று நிமிடம்

ஏற்காட்டில் பள்ளிக்கூடப் பாட்டு வாத்தியாராக இருக்கும் எனக்கு, திருமணிமுத்தாற்றின் கதையை அதன் கரையிலேயே பாட வேண்டும் என்ற கிறுக்கு எப்படியோ பிடித்தது. எங்கள் மலையில் பிறந்து சேலத்துக்குள் போய்ச் சாக்கடையாகிற ஆறு அது. அந்த ஊர்க்காரர்கள் ஒரே ஒரு முறை அதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும், மனசு மாறிவிடும் என்று நம்பினேன். என்ன நம்பிக்கையோ.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் ஐந்து பெண்கள் பாட்டு, நான் ஆர்மோனியம். ஒரு வருஷம், ஞாயிறுதோறும் கிளியூர்ப் பக்கத்து ஓடைக்கரையில் ஒத்திகை. ஆற்றில் முத்து கிடைத்ததாகச் சொல்லும் காலம், துணி துவைத்த காலம், சாயம் கலந்த காலம் எல்லாவற்றையும் பாடிவிட்டு, கடைசி மூன்று நிமிடம் வாயை மூடிக்கொள்வோம். அப்போது ஆறே பாட வேண்டும். ஓடை சலசலக்கும்போது எனக்குப் புல்லரிக்கும்.

மலையில் எங்கே போனாலும் தண்ணீர் சத்தம் போடும். அதற்குப் பழகிய காது எங்களுடையது. சேலத்துப் பாலத்தை எத்தனையோ முறை பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருக்கிறேன். காது கொடுக்க எனக்கே தோன்றியதில்லை.

கச்சேரி அன்று காலை, சேலத்தில் அந்தப் பாலத்தடிக் கரையில் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் கையைத் தூக்கினேன். பெண்கள் நிறுத்தினார்கள். ஆற்றிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கறுப்புத் தண்ணீர் பிளாஸ்டிக் பைகளோடு அசையாமல் கிடந்தது. பாலத்தின் மேல் ஹாரன் மட்டும் கேட்டது. தூக்கிய கையை இறக்காமல் நின்றேன்.

கரையிலேயே குடியிருக்கும் ஓர் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, முடிஞ்சுதுங்களா?"

"இல்லீங்க. ஆத்துச் சத்தம் கேக்கறதுக்காக நிறுத்தியிருக்கறமுங்க."

அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அது கேக்கவே வேண்டாமுங்க. போன மழைக்குக் கேட்டுதுங்க. நொம்பச் சத்தம். ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. எங்க ஊட்டுக்காரரு கட்டிலை உட்டு எந்திரிக்க முடியாதவருங்க. அன்னிக்கே போயிட்டாரு."

இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. பெண்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக நான் வேண்டிக்கொண்டது அந்தச் சத்தத்தைத்தான்.

அடுத்த பஸ்ஸிலேயே மலையேறி வந்துவிட்டோம். மழை பெய்தால் ஓடை இப்போதும் நன்றாகத்தான் பாடுகிறது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.