பொன்னாடைக்குள் இருந்து வந்த பாட்டு

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல் மாடியில் ஒரு குரோவேஷியப் பெண்மணி குடியிருந்தார். ஒரு பின்னேரம் மேலே இருந்து பெரிய அழுகைச் சத்தம் கேட்டது. இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்துக் கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் உதட்டுச் சாயம் பூசியபடி நின்றார்.

செத்தது யார் என்று கேட்டேன். ஒருவரும் சாகவில்லை, அது தான் பாடிய புளூஸ் என்ற சோகப் பாட்டு என்றார். ஆனாலும் சோற்றை வாங்கிக்கொண்டார்.

அன்று தொடங்கிய பழக்கம். நாங்கள் கதைப்பது நொர்வேஜிய மொழியில். இரண்டு பேருக்கும் அரைகுறை, அதனால் நன்றாக விளங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே கடற்கரை ஹோட்டலில் பாடத் தொடங்கியவர். பிறகு ஜாஸ், புளூஸ், சோல் என்று ஊர் ஊராக, கப்பல் கப்பலாக நாற்பது வருடம் பாட்டுத்தான் சீவியம். பிறந்த நாட்டின் பெயர் மாறிய பிறகும் அவர் பாட்டை மாற்றவில்லை. ஆனால் கூட வாசித்த பியானோக்காரர் இறந்தபின் ஒஸ்லோவில் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

"சுவருக்குப் பாடிப் பாடிக் குரல் போகுது. ஆக்களுக்கு முன்னால இன்னொருக்கா பாடவேணும்" என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவில் பாடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். நான் கொடுத்த வாக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை.

மேல் வீட்டுப் பாடகி விழாவுக்கு வருவார் என்றதும் சங்கத் தலைவர் சந்தோசப்பட்டார். ஆனால் பாட்டு என்றதும் முகம் சுருங்கியது.

"நாற்பது வருசம் பாடின ஆளைக் கூப்பிட்டுப் பாட விடுறதோ அன்ரி? மரியாதை இல்லை. அவ பிரதம விருந்தினரா மேடையில இருக்கட்டும்."

"அவ பாடத்தான் வாறா, தம்பி."

"பாப்பம், பாப்பம்."

விழா பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. முதலில் சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. மகளிர் அணி விட்டுக்கொடுக்குமா? அதுவும் போர்த்தியது. பிறகு விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், அதிலிருந்து பிரிந்துபோன மற்றப் பழைய மாணவர் சங்கம். கழுத்து மறைந்தது, நாடி மறைந்தது, கண்ணும் மூக்கும் மிஞ்சின.

பிறகு பேச்சு. அவருடைய பாட்டை ஒருவரும் கேட்டதில்லை. முதலில் பேசியவர் நாற்பது வருட இசைப்பணி என்றார். அடுத்தவர் அதை ஐம்பதாக்கினார். கடைசியாகப் பேசியவரின் கணக்குப்படி பாடகி பிறக்க முன்னமே பாடத் தொடங்கியிருக்க வேண்டும். சனம் கைதட்டும்போதெல்லாம் தன்னைப் பாடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் எழும்புவார். மகளிர் அணி இரண்டு பக்கமும் பிடித்து, "இருங்கோ, இருங்கோ" என்று இருத்தும்.

பொன்னாடைக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

வாசலில் காவலாளி மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கொத்தோடு வந்து நின்றுவிட்டான். "இறுதியாக நன்றியுரை" என்றார் தலைவர். செயலாளர் எழும்புவதற்கு முன் நான் மேடையில் ஏறினேன்.

"நன்றியுரையை நான் சொல்லுறன், தம்பி."

"நீங்கள் மேடையில கதைச்சதே இல்லையே அன்ரி."

"அதுதான் இண்டைக்குக் கதைக்கப்போறன். மைக்கைத் தாங்கோ."

எங்கள் ஆட்கள் நன்றியுரையை மறிக்கவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எழும்பிக் கதிரை மடக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் மைக்கை அவரிடம் நீட்டினேன். கை வெளியே வரவில்லை. பொன்னாடைகளுக்குள்ளேயே செருகிவிட்டேன்.

உள்ளிருந்து பாட்டு வந்தது. முதலில் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருந்தது. கதிரைகள் டமார் டமார் என்று மடங்கின. அவர் அந்தச் சத்தத்தையே தாளமாகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் மடக்கியவர்களும் அவருடைய தாளத்துக்கே மடக்கினார்கள். பிறகு மடக்கிய கதிரையை விரித்து இருந்துவிட்டார்கள். காவலாளி திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

நான் மேடையால் இறங்கியதும் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். "ஆரும் செத்துப்போட்டினமோ?"

"இல்லை. இது புளூஸ்."

"அப்ப பாடட்டும்" என்று கண்ணைத் துடைத்தார்.

அவர் பாடி முடித்ததும் தலைவர் என்னிடம் வந்தார். "நன்றியுரை கொஞ்சம் நீண்டுபோச்சு, அன்ரி."

வீட்டுக்கு நடந்து வரும்போது பனி கொட்டியது. அவர் ஒரு பொன்னாடையைக் கழற்றி எனக்குப் போர்த்தினார்.

"அடுத்த வருசமும் நன்றியுரை எங்கடதானே?" என்று கேட்டார். குரல் கட்டியிருந்தது.

"ஓம்" என்றேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது.