ஸ்டண்ட் மாஸ்டரின் அலுமினிய வாள்

தொண்ணூறுகளில், கல்கத்தாவில் எடுத்த ஒரு டிவி தொடருக்கு வாள்சண்டை அமைக்க மெட்ராஸிலிருந்து ஒரு ஸ்டண்ட் மாஸ்டர் வந்திருந்தார். அவருக்கு பெங்காலி தெரியாததால், அங்கேயே லேக் கார்டன்ஸ் பகுதியில் குடியிருந்த நான் மொழிபெயர்க்கப் போனேன். குள்ளமான மனிதர், ஒரு காதில் பாதி மடல்தான் இருந்தது. அலுமினிய வாளின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிவிட்டு, அறுபட்டதுபோல் வாயில் வைத்துச் சப்புவார்.

"வாள் வீசுறவன எவன் சார் பாக்குறான்? வெட்டு வாங்கப்போறவன் கண்ணத்தான் ஜனம் பாக்கும்" என்பார்.

வெட்டு வாங்க வேண்டிய துணைநடிகர் மூன்று நாளாக என்னோடு டீ குடித்தவர். என்னைத் 'தாதா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். ஐந்து டேக்கிலும் அவருக்குப் பயமே வரவில்லை.

மாஸ்டர் விரலைச் சப்பினார். "இந்த வாள் மட்டும் நிஜம், சாணை புடிச்சதுன்னு அவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன்.

அடுத்த டேக்கில் அவர் அலறிய அலறலில் வேட்டி நனைந்துவிட்டது. செட்டே கைதட்டியது. துணைநடிகர் வாளை வாங்கி விளிம்பைத் தடவினார். வெறும் அலுமினியம். மாஸ்டரை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

மாஸ்டர் என் தோளைத் தட்டினார். "நல்லா சொன்னீங்க சார். நான் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டான்."