நாற்காலிக்கு என்ன அர்த்தம்?

பாட்டு வீடியோ எடுக்கும் தொழிலில் கேமராவைப் பிடிப்பது சுலபம். அதற்குள் விழுந்ததற்கெல்லாம் அர்த்தம் சொல்வதுதான் பெரும்பாடு. யட்டியாந்தோட்டை பஜாரில் ஸ்டூடியோ வைத்து, பத்து வருசமாகக் கல்யாணமும் சடங்கும் எடுத்து நிம்மதியாக இருந்தவள் நான். ஒரே ஒரு பாட்டு எடுத்தேன், போதும் போதும் என்றாகிவிட்டது. உங்களில் யாராவது இப்படி மாட்டியிருந்தால் என் பாடு புரியும். மாட்டாதவர்கள், புரியாவிட்டால் கவலைப்படாதீர்கள். எனக்கே முழுசாகப் புரியவில்லை.

வீடில்லாத கதவு

பாட்டு தினேஷுடையது. பஜாரில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறான். அவன் அம்மா புஷ்பம் அக்கா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையைப் பற்றி அவனே எழுதி, அவனே பாடியிருந்தான். "அக்கா, சும்மா நின்னு பாடுற மாதிரி வேணாம். குறியீடா இருக்கணும்" என்றான். இடிந்த லயம் ஒன்றிலிருந்து பழைய கதவைத் தூக்கிவந்து, நிலையோடு ரப்பர் மரங்களுக்கு நடுவில் நட்டோம். சுவர் இல்லை, கூரை இல்லை. அவன் கதவைத் திறந்து இந்தப் பக்கம் வருவான், மூடிவிட்டு அந்தப் பக்கம் போவான். இரண்டு பக்கமும் மரம்தான்.

பால் வாளியோடு போன ஒரு மாமி நின்று பார்த்தார். "கதவு இருக்கு. வீடு எங்க தம்பி?" என்றார். தினேஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதேதான் மாமி! தனி வீடு தர்றோம் தர்றோம்னு சொல்லியே நம்மள ஏமாத்துறாங்கல்ல, அதுக்குத்தான் இது குறியீடு" என்று கையை ஆட்டி விளக்கினான். மாமி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அது எனக்கும் தெரியுது தம்பி. நான் வீடு எங்கன்னுதான் கேட்டேன்."

தலைவர் வந்தார்

வீடியோ வெளியான மூன்றாம் நாள், தோட்டத்துச் சங்கத் தலைவர் ஸ்டூடியோவுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டின் நடுவில் ஒரு காலி நாற்காலி வருகிறதாம். அது தன்னைத்தான் குறிக்கிறதாம். போட்டுப் பார்த்தேன். தினேஷுக்குப் பின்னால், மரத்தடியில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அது என்னுடையது! எனக்கு முழங்கால் வலி. படம்பிடிக்கப் போகுமிடமெல்லாம் கூடவே எடுத்துப்போவேன். நகர்த்த மறந்திருக்கிறேன், எடிட் பண்ணும்போதும் கண்ணில் படவில்லை.

கோயில் கமிட்டித் தலைவருக்கும் அது தான்தானோ என்று சந்தேகம். தோட்ட ஆபீசிலோ அது தோட்ட மேனேஜர் பெரியதுரையின் நாற்காலி என்று பேச்சு. வீடியோவுக்குக் கீழே யார் யாரோ பத்தி பத்தியாக விளக்கம் எழுதியிருந்தார்கள். தினேஷ்கூட, "நாற்காலி ஐடியா பிரமாதம்க்கா, என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றான். முழங்கால் வலியைப் பற்றி நான் சொன்னதைச் சங்கத் தலைவர் நம்பவேயில்லை.

"மூணு கூட்டத்துக்கு நான் வரலதான், ஒத்துக்கிறேன். அதுக்காக ஊரே பாக்குற மாதிரி சிவப்புலயா போடுவீங்க?"

ஆபீசில்

சிரிப்பு அத்தோடு போயிற்று. மறுவாரம் புஷ்பம் அக்காவை எட்டாம் நம்பர் மலைக்கு மாற்றினார்கள். ஏறிப்போகவே ஒரு மணி நேரம் வேண்டும். காரணம் சொல்லவில்லை. வீடியோதான் காரணம் என்று லயமே பேசியது. தினேஷ் ஸ்டூடியோ வாசலில் வந்து உட்கார்ந்தான். "அழிச்சிரவா அக்கா?" என்றான். அவன் அம்மாவோ, "மலை ஏறுறது நானு. நீ அழிக்காத" என்றுவிட்டாராம். பாட்டிலிருந்த கோபம் அவனுடையது, ஆனால் துரையைக் குத்திய நாற்காலி என்னுடையதல்லவா?

மறுநாள் காலையில் தோட்ட ஆபீசுக்குப் போனேன். உதவி மேனேஜர் சின்னதுரை என்னைவிட இளையவர். சிங்களத்தில் மரியாதையாகவே பேசினார். நாற்காலி எனது, மறந்து வைத்தது, வேண்டுமானால் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். வேலை மாற்றத்துக்கும் வீடியோவுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். ஆனாலும் அவர் போனில் வீடியோ தயாராக இருந்தது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பி, கோபமா வருத்தமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடாத குரலில் கேட்டார்.

"சரி, நாற்காலி உங்களுடையது. இந்தக் கதவு யாருடையது?"

சுனில் அண்ணன்

இரண்டு வாரத்தில் புஷ்பம் அக்கா பழைய மலைக்கே திரும்பினார். அதற்கும் யாரும் காரணம் சொல்லவில்லை. நான் போய்ப் பேசியதாலா, சங்கத் தலைவர் பேசியதாலா, தெரியாது.

அந்த வாரம்தான் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை சுனில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. சில வருசத்துக்கு முன் மண்சரிவில் வீடு போனது. அம்மாவும் அந்த வீட்டோடு போனார். மண்ணுக்கு வெளியே கதவு மட்டும் நின்றதாம். போனில் கதவு வரும் இடத்தில் வீடியோவை நிறுத்தி வைத்திருந்தார். "நங்கி, இது எங்க வீடுதானே?" என்று, தங்கச்சி முறை வைத்து, சிங்களத்தில் கேட்டார். இது லயத்துப் பாட்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ஆமா அண்ணே" என்றேன். சரியானதைச் செய்தேனா, பொய் சொன்னேனா? அவர் திரையை விரலால் பெரிதாக்கிக் கதவை உற்றுப் பார்த்தார்.

"படம் பிடிக்கும்போது, உள்ளே யாரும் இல்லைன்னு நல்லாப் பாத்தீங்கதானே?"

புது வாடிக்கையாளர்

போன வாரம் வரக்காப்பொலையிலிருந்து ஒரு ஹார்ட்வேர் கடைக்காரர் மகளின் கல்யாணத்துக்கு வீடியோ பேச வந்தார். பாட்டைப் பார்த்திருக்கிறார். ஆல்பம், அட்டை எதைப் பற்றியும் கேட்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம வீடியோவுலயும் ஏதாச்சும் அர்த்தம் வைங்க தங்கச்சி. ஆனா சம்பந்தி வீட்டுக்கு மட்டும் புரிஞ்சிரக் கூடாது."

ஆக, நாங்கள் வைத்த அர்த்தம் ஒன்று, சனம் எடுத்துப்போனது நூறு. இதில் எத்தனைக்கு நான் பொறுப்பு என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.