கட்டிலுக்கு அடியில் இருந்த முட்டை ஓடுகள்

எங்கள் அண்ணியார் அவர்கள் இறைவன் திருவடியை அடைந்து இன்றோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களுடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பை அண்ணன் என்னிடம் ஒப்படைத்தார். ஏன் என்னிடம்? பெற்ற மகள் இருக்கிறாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் மருமகன் இருக்கிறார். அவர்களை விட்டுவிட்டு நாத்தனாரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னால் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. எனக்கு எதற்குத்தான் வராது! பால்காரர் கொஞ்சம் சிரித்துப் பேசினால் இன்று தண்ணீர் அதிகம் என்று முடிவு கட்டுகிறவள் நான். இந்தக் குணத்தால் விளைந்த ஒரு பாவத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை பார்க்கிறேன் என்று அண்ணன் கேட்டார். நான் கொடுக்கவில்லை. உங்களோடு சேர்ந்துதான் அவரும் இதைப் படிக்கிறார்.

நல்லதை மட்டும் நாலு வரி எழுதி முடித்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் பதினாறாம் நாள் பந்தியில் நான் சாம்பார் வாளியோடு நின்றபோது, நம் உறவில் ஒருவர் இலையைத் தொடாமலே எழுந்தார். "அந்த முட்டைக்காரி வீட்டுச் சோறு நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. செத்துப் பதினாறு நாள் ஆகியும் விடவில்லை. முட்டையில் ஊசி குத்தி, மந்திரம் வைத்து, என் அண்ணனை மயக்கிக்கொண்டார்கள் என்ற பேச்சு உங்களில் பலருக்குத் தெரியும். அதை முதலில் சொன்னது யார் என்பது உங்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். அந்தப் பழியை அவர்கள் பெயரிலிருந்து துடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும்.

அண்ணியார் பிறந்தது இதே காஜா பேராங்கில். எத்தனையோ தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, இங்கேயே ஊன்றிப்போன செட்டிக் குடும்பம். சாமி நம் சாமிதான். வாசலில் மாவிலைத் தோரணம், நெற்றியில் திருநீறு. வீட்டில் பேசுவது மட்டும் மலாய், அதற்குள் அங்கங்கே தமிழ்ச் சொல். உடுத்துவது சாரோங்கும் கெபாயாச் சட்டையும். தகப்பனார் மாட்டு வண்டி ஓட்டினார். தாயார் பலகாரம் செய்வதில் கெட்டிக்காரி. அந்தக் கைப்பக்குவம் மகளுக்கு அப்படியே வந்தது.

எங்கள் வீடு தெங்கேராவில் இருந்தது. அண்ணன் நில அளவை ஆபீஸில் கிராணியாக எழுத்து வேலை பார்த்தார். காஜா பேராங் பக்கம் அளக்கப் போனவர், பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் நடந்தது, ஆனால் அந்தக் குடும்பங்களின் வழக்கப்படி அண்ணன் பெண் வீட்டிலேயே தங்கிவிட்டார். அம்மாவுக்கு அது தாங்கவில்லை. அண்ணியாருக்கு அப்போது தெரிந்த தமிழ் கைப்பிடி அளவு. மாமியாரை முதல் நாள் பார்த்தபோதே வாய் நிறையச் சிரித்து, "நீ வா, உக்காரு, சாப்பிடு" என்றார்கள். அம்மா அப்படியே திரும்பி வந்துவிட்டார். "என்னை நீன்னு கூப்பிடுறாடி!" என்று ஒரு வாரம் புலம்பினார். பாசமாகத்தான் சொன்னார்கள் என்று அண்ணன் எத்தனை சொல்லியும் காதில் ஏறவில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. பங்குனி மாதக் கடைசியில் அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அண்ணனை அழைத்துவர என்னை ரிக்‌ஷாவில் அனுப்பினார்கள். போனேன். முன் கூடத்தில் யாரும் இல்லை, பின்னால் கிணற்றடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஆளில்லாத வீட்டில் சும்மா உட்கார என்னால் முடியுமா? படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் துணி போட்டு மூடிய ஒரு மூங்கில் கூடை இருந்தது. இழுத்துத் துணியை எடுத்தேன். உள்ளே சாம்பல். சாம்பலுக்குள் வரிசையாக முட்டைகள். ஒன்றை எடுத்தால் கனமே இல்லை, வெறும் ஓடு. மேலே ஊசிமுனை அளவு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. பக்கத்தில் கோணி ஊசியும் சிவப்பு நூல்கண்டும் கிடந்தன. கூடையை உள்ளே தள்ளிவிட்டு, அண்ணனைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்தேன்.

வந்து அம்மாவிடம் சொன்னேன். பார்த்ததை மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பாவம். "கூடையிலே என்னடி இருந்தது, சரியாச் சொல்லு" என்று அம்மா கேட்கக் கேட்க என் வாயும் வளர்ந்தது. நூல் என்று சொல்லவில்லை. "உன் தலைமுடியைச் சுத்தி வச்சிருக்கா அம்மா" என்று சொல்லிவிட்டேன். தலைமுடி இல்லை. அது நான் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கொண்டுபோய்விட்டார்களே என்ற ஆத்திரமாக இருக்கலாம்.

பூசாரி வந்தார், வேப்பிலை அடித்தார், மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. போதாதா? அம்மா தம் தங்கையிடம் சொன்னார். சின்னம்மா பத்து பெரெண்டாம் என்கிற ஊர் வரைக்கும் சொன்னார். அதற்குப் பிறகு நம் உறவில் யாரும் அண்ணியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வருவார்கள், பாயில் உட்காருவார்கள், வயிறு சரியில்லை என்பார்கள், விரதம் என்பார்கள். ஒரு அம்மாள், அண்ணியார் கொடுத்த பலகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போய்ச் சாக்கடையில் போட்டதை நானே பார்த்தேன். அம்மா கண்மூடும்வரை அந்தப் படியை மிதிக்கவில்லை. அண்ணன் இரண்டு வீட்டுக்கும் நடந்தே தேய்ந்தார். என்ன காரணம் என்று அவர் கேட்டபோதெல்லாம் எல்லோரும் மேலே கூரையைப் பார்த்தோம்.

மறு வருஷம், சித்திரைக்கு நான்கு நாள் இருக்கும்போது, "போய் என்ன பண்றான்னு பார்த்துட்டு வா" என்று அம்மா என்னை அனுப்பினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போனேன். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், அண்ணியார் ஒரு முட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, கண் பிதுங்க ஊதிக்கொண்டிருந்தார்கள். மந்திரம்தான் ஓதுகிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் முட்டையின் அடியிலிருந்து வெள்ளையும் மஞ்சளும் கிண்ணத்தில் வழிந்தது. அவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏய், வா! ஏன் வெளியே நிக்கிற? வா, நீ ஊது. என் வாய் வலிக்குது."

"இது என்ன அண்ணி?"

"முட்டை! பார்த்ததே இல்லையா நீ?"

கையில் ஒன்றைத் திணித்தார்கள். ஊதினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக ஊதினேன். ஓடு உடைந்து என் மூஞ்சியெல்லாம் முட்டை. அண்ணியார் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தபடியே தங்கள் சாரோங் நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். சின்ன வயதில் அண்ணியார் தெங்கேராவில் போர்த்துகீசிய வம்சத்துச் செரானி அம்மாள் ஒருவர் வீட்டில் தையல் கற்கப் போயிருக்கிறார்கள். அங்கே ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டை ஓட்டில் வர்ணம் தீட்டுவதைப் பார்த்து, நாம் சித்திரைக்குச் செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. ஓட்டைச் சாம்பலில் புதைத்துக் காயவைப்பார்கள். சங்குப்பூவில் நீலம், மஞ்சளில் மஞ்சள், வெங்காயத் தோலில் செம்பு நிறம் ஏற்றுவார்கள். கோணி ஊசியால் சிவப்பு நூல் கோத்து, வர்ணக் காகிதத்தில் பூ வெட்டி, எல்லாவற்றையும் ஒரு கொய்யாக் கிளையில் கட்டி மணல் பானையில் நட்டுவைப்பார்கள். வருஷப்பிறப்பன்று பிள்ளைகள் கண்விழித்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கிளையைத்தான். ஊதி எடுத்த முட்டையை வீணாக்காமல் சீனியும் மாவும் சேர்த்து அடித்து, பித்தளை அச்சில் ஊற்றி, மேலே கரி, கீழே கரி வைத்துச் சுடுவார்கள். அதுதான் பாவுலு. அன்று சுடச்சுட ஐந்து தின்றேன். ஆறாவதையும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார், "என்ன பார்த்தே?" "ஒண்ணும் பார்க்கலை" என்றேன். அப்போது எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். தலைமுடிக் கதையைக் கட்டிவிட்டவள் என்று தெரிந்தால் யார் வீட்டில் என்னைப் பெண்ணெடுப்பார்கள்? அண்ணன் என் முகத்தில் விழிப்பாரா? நாளைக்குச் சொல்லலாம், கல்யாணம் ஆனதும் சொல்லலாம், பிள்ளை பிறந்ததும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே என் தலை நரைத்துவிட்டது.

அண்ணியாரின் மற்றக் குணங்களை எழுத இடம் போதாது. ரப்பர் விலை விழுந்து ஆபீஸில் ஆள் குறைத்தபோது அண்ணனுக்கு வேலை போனது. அண்ணியார் விடியற்காலையில் எழுந்து பாவுலு சுட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். சீனப் புத்தாண்டுக்கு நியோன்யாக்கள் என்கிற பரம்பரைச் சீனப் பெண்கள் வீட்டுக்கே வந்து சொல்லிவைத்து வாங்கிப்போனார்கள். பேப்பர் கடை மரைக்காயர் நோன்பு திறக்க வருஷாவருஷம் ஒரு டின் கேட்பார். ஊரே வாங்கிச் சாப்பிட்டது. நாம்தான் சாப்பிடவில்லை. பங்குனிக் கடைசியில் பிள்ளைகள் சோற்றுப் பசையும் கத்தரிக்கோலுமாகத் தரையெல்லாம் குப்பை போடுவார்கள். அண்ணியார் ஒரு நாளும் அதட்டியதில்லை. கோணல்மாணலாக வெட்டிய பூவைத்தான் கிளையில் முன்னால் கட்டுவார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. என் மூன்று பிரசவத்துக்கும் வந்தார்கள், துணி துவைத்தார்கள், பத்தியச் சாமான் இடித்துக்கொடுத்தார்கள். ஆனால் என் பிள்ளைகளில் ஒன்றைக்கூடக் கையில் தூக்கியதில்லை. தொட்டில் பக்கம் வந்தால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வார்கள். எட்ட நின்று சிரிப்பார்கள். எல்லாம் தெரிந்துவிட்டது, மனசில் வஞ்சம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் புத்தி வேறு எப்படிப் போகும்?

கடைசியில் கால் வீங்கி, மூச்சு இழுத்து, அண்ணியார் படுத்த படுக்கையானபோது நான் போய்க் கூடவே இருந்தேன். ஒரு மத்தியானம் அண்ணன் மருந்து வாங்கப் போயிருந்தார். கஞ்சி ஊட்டிவிட்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்.

"அண்ணி, அந்த முட்டைப் பேச்சை ஆரம்பிச்சது நான்தான். தலைமுடின்னு சொன்னதும் நான்தான்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கூடை பக்கம் மாறி இருந்துச்சு. ரிக்‌ஷாவிலே நீ வந்ததை எதிர்வீட்டிலே பார்த்திருக்காங்க. அப்புறம் யாரு?"

"அண்ணன்கிட்டே ஏன் சொல்லலை?"

"உன் அண்ணனுக்குத் தங்கச்சி நீ ஒருத்திதானே. அவன்கிட்டே சொல்லாதே. இப்பவும் சொல்லாதே."

நான் அழுதேன். அழுதுகொண்டேயும் என் சந்தேகம் என்னை விடவில்லை. "அந்தக் கோபத்திலேதானே என் பிள்ளைங்களைத் தூக்கவே இல்லை?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணியார் என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்கள். "நீ பைத்தியமா? நான் தூக்கி, மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா யார் பேரைச் சொல்லுவாங்க? அதான் யார் பிள்ளையையும் தொடலை. உன் மூத்தவன் நல்லாக் குண்டா இருந்தான். எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

அப்போது என் மகள் தன் எட்டு மாதக் குழந்தையோடு அங்கே வந்திருந்தாள். எழுந்துபோய்க் குழந்தையை வாங்கிவந்து அண்ணியாரின் மடியில் வைத்தேன். அவர்கள் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்கள். "வேணாம், எடு, காய்ச்சல் வந்துடும்" என்றார்கள். "வந்தா வெறும் காய்ச்சல்தான் அண்ணி, மருந்து இருக்கு" என்றேன். குழந்தை சரிந்தது. விழுந்துவிடுமே என்ற பதற்றத்தில் அவர்களுடைய இரண்டு கையும் தானாக வெளியே வந்து பிடித்துக்கொண்டன. பிறகு விடவில்லை.

மறுநாள் காலையில் குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கும் அந்தப் பழைய சந்தேகம் வந்தது. ஒருவேளை, என்று நினைத்தேன். ச்சீ! எல்லாம் தெரிந்த எனக்கே அப்படி வந்தது என்றால், ஒன்றும் தெரியாத உங்களை நான் என்ன சொல்ல? குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தால் ஈறு முட்டிக்கொண்டு நின்றது, பல் முளைக்கிற காய்ச்சல். உள்ளேயிருந்து அண்ணியார் குரல் கொடுத்தார்கள், "குழந்தை எப்படி?"

"நல்லா இருக்கா அண்ணி. தூங்குறா."

"அப்போ எழுந்ததும் கொண்டு வா."

சாயந்தரம் சூடு இறங்கியது. கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு இருந்த ஆறு நாளும் அந்தக் குழந்தை அவர்கள் கையில்தான் இருந்தது. ஏழாம் நாள் காலையில், அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே, அமைதியாகப் போய்விட்டார்கள்.

நோயில் வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த காஜா பேராங் அண்டை வீட்டாருக்கும், செங் ஊரிலிருந்து இறுதி ஊர்வலத்துக்கு வண்டி கொண்டுவந்த நண்பருக்கும், இந்த மலருக்குக் காகிதம் தந்த மரைக்காயருக்கும், அண்ணியார் கையால் வாங்கித் தயங்காமல் சாப்பிட்ட ஊர் மக்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறோம். என் பேச்சை நம்பிய உறவினர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உங்களை நல்ல பலகாரம் தின்னவிடாமல் செய்தவள் நான்.

அண்ணா, உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணியார் சொன்ன வார்த்தையை ஒரு வருஷம் காப்பாற்றினேன். இதற்கு மேல் முடியவில்லை. அம்மா உங்கள் வீட்டுப் படி ஏறாமலே போனதற்குக் காரணம் நான். இதைப் படித்து முடித்ததும் எழுந்து வாருங்கள். உங்கள் வீட்டுச் சமையலறையில்தான் இருப்பேன், எங்கும் ஓடிவிட மாட்டேன். தங்கை வேண்டாம் என்றால் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.