வாலோடு பிறந்த ஸெலி

ஒடெத் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்றுவதைவிட எங்கள் ஊர் மாதா கோயில் கோபுரத்தைப் பெயர்த்து அடுத்த ஊரில் வைப்பது சுலபம். இதைச் சொன்னது அவள் புருஷன் லூசியன். மர அறுப்பு ஆலையில் வேலை பார்க்கிறவன். பாவம், அனுபவித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அவள் எங்கள் ஊர்த் தபால்காரி. நாற்பது பண்ணை வீடுகளுக்குச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோவாள். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பன் விட்டுப்போன இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவாள். அந்தக் காலத்தில் எங்கள் வேட்டைச் சங்கத்தில் இருந்த ஒரே பெண் அவள்தான். நாங்கள் செய்யாத கேலி இல்லை. அவள் பையில் பறவை இல்லாமல் திரும்பிய நாட்கள்தான் குறைவு.

நான் அவள் பக்கத்து வீட்டுக்காரன், ஒனெசிம். வீடு வீடாகப் போய்ப் பன்றி அறுப்பது என் தொழில். அதே கத்தியோடு இன்னொரு வேலையும் செய்துவந்தேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

எங்கள் பூர்பொன்னே சீமைக்கென்று ஒரு வேட்டை நாய் உண்டு. ஓடையில் நீந்தும் ட்ரௌட் மீனுக்கு இருப்பதுபோல் உடம்பெல்லாம் பொடிப் புள்ளி. வாடிப்போன லைலாக் பூவின் மங்கிய பழுப்பு நிறம். பறவை வாடை பட்டால் பாயாது, குரைக்காது. ஒரு முன்காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் வாலில்லாமலோ, கட்டைவிரல் நீள வாலோடோ பிறக்கும். அதுதான் எங்களுக்குப் பெருமை. முழு வாலோடு ஒரு குட்டி பிறந்துவிட்டால், தாய் எங்கோ கெட்டுப்போய்விட்டாள் என்று முடிவு கட்டிவிடுவோம். அந்தக் குட்டிக்கு வாலை வெட்ட என் கத்தி, இல்லையென்றால் முக்கிக் கொல்லத் தண்ணீர் வாளி. எங்கள் அப்பன்மார் செய்தார்கள், நாங்களும் செய்தோம். அவற்றில் மோப்பம் பிடிக்கும் எத்தனை நல்ல மூக்குகள் போயின என்று ஒருவனும் யோசிக்கவில்லை. எழுபத்தொன்றாம் வருடம் திரும்பிப் பார்த்தால், சுற்றுவட்டாரத்தில் அந்த ஜாதிப் பெட்டை என்று மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். அது ஒடெத்தின் ஸெலி. அதற்கு வால் முழுசாக இருந்தது.

ஸெலி குட்டியாக இருந்தபோது ஒடெத் என்னை அண்டவிடவில்லை. அதற்குப் பின் அந்த வாலுக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. ஒடெத்தின் மகள் சில்வெத் இரண்டரை வயதாகியும் நடக்கவில்லை. காலில் வலு இல்லை என்றார் டாக்டர். ஒருநாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஸெலியின் வாலைப் பிடித்து எழுந்து நின்றது. நாய் திரும்பிப் பார்த்தது, ஓர் அடி வைத்தது, நின்றது. பிள்ளையும் ஓர் அடி வைத்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தன. வசந்தம் வந்தபோது சில்வெத் தனியாக நடந்து என் வீட்டு வாசலுக்கு வந்தாள். என் கோழிகளை விரட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸெலியின் குட்டிகள் இந்த ஜாதியாகக் கணக்கில் சேர வேண்டுமானால், ஸெலியின் பெயர் நாய்ச் சங்கத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஸெலியோடு எங்கள் சீமை நாயின் கதை முடிந்தது. ஒடெத் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாள். "நீள வால் ஏற்புடையதல்ல" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினாள். அதே பதில். பதினொரு முறை. வேடிக்கை என்னவென்றால், அந்த மறுப்புக் கடிதங்களை அவளே சைக்கிளில் சுமந்து வந்து, தன் வீட்டுப் பெட்டியில் தானே போடுவாள். மற்ற வீடுகளை முடித்துவிட்டு வந்து, தபால்காரத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள்.

"கையிலயே இருந்துச்சே, அப்பவே பிரிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"தொப்பி தலையில இருக்கிறவரைக்கும் அது அடுத்தவங்க கடுதாசி, ஒனெசிம்."

பன்னிரண்டாம் கடிதத்துக்குப் பதில் செப்டம்பரில் வந்தது. முசியே பெர்ஷோ என்ற நடுவர் நவம்பரில் நேரில் வந்து பார்ப்பாராம். அன்று சாயங்காலமே கத்தியைத் தீட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நல்ல எண்ணத்தில்தான் போனேன்.

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இப்ப வெட்டினா அதுக்குள்ள ஆறிடும். அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது" என்றேன்.

அவள் கதவில் குறுக்கே நின்றாள். "பன்னி எதாச்சும் அறுக்கணுமா உனக்கு?"

"இல்ல..."

"அப்ப கத்தியோட என் வீட்டுக்கு வராத."

உள்ளேயிருந்து லூசியன் குரல் கொடுத்தான். "ஓடிப்போயிடு ஒனெசிம். இன்னிக்கு சூப்புல உப்பு இல்லன்னு சொல்லிட்டு நானே பயந்து உக்காந்திருக்கேன்."

நடுவர் வந்த அன்று தூறல். முசியே பெர்ஷோ ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியில் நீர் கோத்திருந்தது. ஸெலியின் வாலைப் பார்த்ததுமே நோட்டை மூடினார். "இதுக்கா மதாம், நான் மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டு வந்தேன்?"

"மூணு மணி நேரம் வந்தாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் காட்டுக்கு வாங்க" என்றாள் ஒடெத்.

காடு தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். காட்டுள்ளான் என்ற பறவையை வேட்டையாடும்போது நாயின் கழுத்தில் ஒரு சின்ன மணி கட்டுவோம். நாய் புதருக்குள் மறைந்துவிடும், மணிச் சத்தம்தான் நமக்குக் கண். சத்தம் நின்றதென்றால் நாய் பறவைக்கு முன்னால் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது ஒருவரும் பேசக் கூடாது. நாயைக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் நாயை நம்பவில்லை என்றாகிவிடும். அப்படிக் கூப்பிட்டவனை ஒரு வருடம் ஊர் கிண்டல் செய்யும்.

கால் மணி நேரம் மணி கேட்டது. பிறகு, ஓடைக்கு அந்தப் பக்கம், நின்றது.

தேடிப் போனோம். எங்கும் பழுத்துப்போன பெரணி, கறுத்த முள்ளிலைப் புதர், மழை. ஸெலியின் நிறமும் காய்ந்த பெரணியின் நிறமும் ஒன்று. பத்து நிமிஷம் போனது. இருபது நிமிஷம் ஆனது.

"நாய் எங்கேயோ ஓடிப்போச்சு மதாம். விசில் அடிங்க" என்றார் நடுவர் மெல்ல.

"அடிக்க மாட்டேன்."

"மணி அறுந்து விழுந்திருக்கும்."

"கட்டினது நான்."

"இருபத்தஞ்சு நிமிஷம் எந்த நாயும் நிக்காது."

"ஸெலி நிக்கும்" என்றாள். விசில் அவள் கழுத்தில்தான் தொங்கியது, கை அதன் பக்கம் போகவில்லை.

கண்டுபிடித்தது நடுவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டவர், சட்டென்று கையை உயர்த்தினார். முள்ளிலைப் புதரின் இருட்டில் வெள்ளை நுனியோடு ஊசிபோல் நேராக நீட்டிக்கொண்டிருந்தது ஒரு வால். அதைத் தொடர்ந்து பார்த்த பிறகுதான் நாயே தெரிந்தது. முன்கால் தூக்கியபடி, மழை முதுகில் வழிய, இமைக்காமல் நின்றது ஸெலி. தூக்கிய கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒடெத் ஓர் எட்டு முன்னால் வைத்தாள். பறவை சடசடவென்று எழுந்தது. முதல் வெடி தப்பியது, இரண்டாவது தப்பவில்லை. ஸெலி போய் எடுத்து வந்து அவள் கையில் வைத்தது, பிறகு நொண்டிக்கொண்டே வந்து அவள் முழங்காலில் தலையைச் சாய்த்தது. நடுவர் தொப்பியைக் கழற்றினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்தோம். உருளைக்கிழங்கும் பாலேடும் அடைத்துச் சுட்ட அடையை ஒடெத் வெட்டி வைத்தாள். லூசியன் வெள்ளை ஒயின் ஊற்றினான். ஸெலி தரையில் படுத்திருக்க, சில்வெத் அதன் வாலைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தாள். நடுவர் பேனாவைத் திறந்தார்.

"மதாம், 'குட்டை வால்'னு எழுதிடறேன். இவ்வளவு தூரம் வந்து யாரும் சரிபார்க்கப் போறதில்ல."

லூசியன் சிரித்தே விட்டான். நானும் கிளாஸைத் தூக்கிவிட்டேன்.

"வேண்டாம், முசியே" என்றாள் ஒடெத். "இருக்கிறத எழுதுங்க."

"எழுதினா சங்கத்துல தள்ளிடுவாங்க."

"குட்டைன்னு எழுதினா, நாளைக்கு இவளோட குட்டி ஏதாச்சும் முழு வாலோட பொறக்கும். தாய்க்குக் குட்டை வாலுதானே, இது எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. அப்புறம் இந்த ஆளு வாளியத் தூக்கிட்டு வருவான்." அவள் விரல் என்னை நோக்கி நீண்டது. கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் சுட்டது. "தள்ளினா தள்ளட்டும். பதிமூணாவது கடுதாசி எழுதறேன்."

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். நடுவர் எழுதினார். என்ன எழுதினார் என்று எங்களுக்குக் காட்டவில்லை.

மார்ச்சில் பதில் வந்தது. ஒடெத் எல்லா வீடுகளுக்கும் கடிதம் கொடுத்துவிட்டு வந்தாள், தொப்பியைக் கழற்றினாள், பெட்டியைத் திறந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். சத்தமாகப் படித்தாள்: "வால்: முழு நீளம். வேலை: குறை சொல்ல ஒன்றுமில்லை. பதிவு செய்யப்பட்டது." ஐம்பது வயதுத் தடியன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் உள்ளே போய் சூப்புக்கு வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஸெலி ஏழு குட்டி போட்டது. மூன்று வாலில்லாமல், நான்கு வாலோடு. ஒடெத் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். வெறுங்கையோடு போனேன். நான்கில் ஒன்றைத் தூக்கி என் கையில் வைத்தாள்.

"இது உனக்கு. நீதான் வளர்க்கணும்" என்றாள்.

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பதின்மூன்று வருடம் அது என் வீட்டில் இருந்தது. நான் வாசலில் நுழைந்தால் வாலை வீசி வீசி ஆட்டும். மேசை மேலிருந்து எத்தனை கிளாஸ் விழுந்து உடைந்தன என்று கணக்கில்லை. ஒரு தடவைகூட நான் அதைத் திட்டவில்லை.