தண்ணீர் வராத குழாயும் ரோசலின் வகுப்பும்

ரோசலின் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடம், பி.ஏ. மாணவிகள் பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஆங்கில நாவல் தாளில் தேறவில்லை. அடுத்த வருடமும் இதே கதி என்றால் வேலையை நிரந்தரமாக்க முடியாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். அது 1964.

அதைக் கேட்டு அவளைவிட அதிகம் பதறியவள் அக்கா அன்னாள். நாகல் நகரில் ரவிக்கை தைத்துத் தங்கையைப் படிக்க வைத்தவள் அவள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அவள் எடுத்த அளவு கால் அங்குலம்கூடப் பிசகாது.

பாடமாக இருந்தது ஒரு வெளிநாட்டு நாவல். ஆறு திசை மாறிப் போய்விடுகிறது. ஆனாலும் பாலத்துக் காவலன் தினமும் படியிறங்கி, காய்ந்த மணலில் அளவுகோலை ஊன்றி, நீர்மட்டம் பூஜ்யம் என்று முப்பது வருடம் எழுதிக்கொண்டே இருக்கிறான். ஏன் என்பது அவனுக்கும் தெரியாது, ஆசிரியரும் சொல்லவில்லை. அந்த அபத்தத்தைப் பற்றித்தான் தேர்வில் கேள்வி வரும். மாணவிகளோ, கட்டுரை என்றால் கடைசியில் நீதி இருக்க வேண்டும் என்று பள்ளியிலிருந்தே பழகியவர்கள். 'ஆகவே கடமை தவறாமல் இருப்போம்' என்று ஒருத்தி முடித்திருந்தாள். 'ஆகவே மரம் நடுவோம்' என்று இன்னொருத்தி.

"அந்த ஆளு மேலதிகாரிக்கு ஒரு கடுதாசி போட்டிருந்தா முடிஞ்சிருக்குமேடி" என்றாள் அன்னாள்.

"நீயுமாக்கா!" என்று ரோசலின் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒருநாள் காலை அன்னாள் தெருக்குழாயடியிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். "அந்த மாயம்மா என் குடத்தை வரிசையில ஏழாவதுலருந்து ஒன்பதாவதுக்குத் தள்ளி வச்சிட்டாடி! விடுவேனா?"

"தண்ணி வந்துச்சாக்கா?"

"எங்கிட்டு வந்துச்சு? இருபத்திரெண்டு நாளாச்சு."

ரோசலின் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். பிறகு நோட்டை எடுத்து எதையோ வேகமாக எழுதினாள்.

மறுநாள் அந்த வருடத்து மாணவிகள் பன்னிரண்டு பேரையும் குழாயடிக்கே கூட்டி வந்துவிட்டாள். கண்டதை மட்டும் எழுத வேண்டும், 'ஆகவே' என்ற சொல் எங்கும் வரக் கூடாது என்பது கட்டளை. அன்னாளுக்கு மானம் போயிற்று. முக்காட்டை இழுத்துக்கொண்டு தன் குடத்தின் அருகில் நின்றாள்.

ஒட்டன்சத்திரத்துப் பெண் சிவனம்மாள் மாயம்மாளிடம் போனாள். "ஏனுங்க, தண்ணி வராதுன்னு தெரியுமில்லீங்க? அப்புறம் எதுக்குங்க சண்டை?"

"தண்ணி வரலேன்னா வரிசை இல்லேன்னு ஆயிருமா? படிச்ச பிள்ளை பேசுற பேச்சைப் பாரு!"

மாணவிகள் சிரித்தார்கள். ரோசலின் சிரிக்கவில்லை. "இவங்களைப் பார்த்துச் சிரிச்சா நாவலும் புரியாது" என்றாள். "நாளைக்கும் இவங்க வருவாங்க. அதை எழுதுங்க." அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அன்னாள் முக்காட்டைத் தளர்த்தினாள்.

அந்த வாரம் சிவனம்மாள் எழுதிய கட்டுரையை ரோசலின் அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கோலை ஊன்றும் அந்த நிமிடம் மட்டும் காவலனுக்குத் தான் யார் என்று தெரிகிறது; ஆற்றுக்கு அவனைத் தெரியவில்லை. அங்கேயே கட்டுரை முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா? கடைசிப் படி இல்லாத மாடிப்படியில கால வச்ச மாதிரி இருக்குடி."

"அதுதான்க்கா. அம்புட்டுத்தான்."

ஜூனில் முடிவு வந்தது. பதினொரு பேர் தேறியிருந்தார்கள். முதல்வர் ரோசலினைக் கூப்பிட்டு நிரந்தர உத்தரவைக் கையில் கொடுத்தார். அன்னாள் தெருவெல்லாம் கற்கண்டு கொடுத்தாள், மாயம்மாளுக்கு முதலில். வீடு திரும்பியபோது தங்கை செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"சின்னாளப்பட்டிக்கு. பொன்னழகு மட்டும் தேறலைக்கா. எல்லாத்தையும் நல்லா எழுதிட்டு, பயத்துல கடைசி வரியில 'ஆகவே குழாயடியில் சண்டை போடக் கூடாது'ன்னு எழுதிட்டாளாம்."

அன்னாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வேலைதான் நிலைச்சிருச்சே. நாளைக்குப் போகக் கூடாதா?"

"செப்டம்பர் மறுபரீட்சைக்கு எண்பது நாள்தான் இருக்கு."

அன்னாள் மனசுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கதவைச் சாத்திப் பூட்டினாள். "இரு, நானும் வாரேன். அந்தப் புள்ளைக்கு நீ என்ன சொல்லப் போறேன்னு பஸ்ஸுல எனக்குச் சொல்லிக் காட்டு. எனக்குப் புரிஞ்சா அவளுக்கும் புரியும்" என்று முந்தி நடந்தாள்.