ஒற்றைவீட்டுக்கு எழுதிய காரணம்

பேர்க்காரர் என்றுதான் அந்த மலை நகரம் முழுக்க அவரைச் சொல்வார்கள். நகராட்சியில் எழுத்தராக இருந்தபோது, ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றியவர். அறுபத்திரண்டு பகுதிகள், ஒரே மாதம், ஜீப் கிடையாது. நாய் படாத பாடு பட்டு அறுபத்தொன்றை ஏறி இறங்கினார். மிச்சம் இருந்தது ஒற்றைவீடு. கடைசி நாளோ அடைமழை, முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று மேலதிகாரி உத்தரவு வேறு. மனிதர் அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, 'தனிமையை விரும்பிய ஒருவர் இங்கே ஒரே ஒரு வீடு கட்டி வாழ்ந்ததால்' என்று கைக்கு வந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

இருபத்தாறு வருஷம் அந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. போன மாதம் அவருடைய ஒரே மகளும் மருமகனும் வீடு கட்ட அங்கேயே மனை பார்த்தார்கள். தனிமை, அமைதி என்று மருமகனுக்கு அந்தக் காரணமே பிடித்துப் போயிற்று. பேர்க்காரர் அப்போதுதான் முதல் தடவையாக அந்த மேட்டில் கால் வைத்தார். அங்கிருந்த பழைய வீட்டில் தையல் தைக்கும் அம்மாள், புதருக்குள் கிடந்த அஸ்திவாரக் கற்களைக் காட்டினார். முன்னே பதினான்கு வீடுகள் இருந்தனவாம். ஒரு மழையில் சரிவே பெயர்ந்து இறங்கியதில் மிஞ்சியது இது ஒன்றுதானாம்.

மறுநாளே நகராட்சிக்கு ஓடினார். அவருடைய நாற்காலியில் இப்போது இருக்கும் எழுத்தர், திருத்தம் செய்ய எழுத்துபூர்வ ஆதாரம் வேண்டும் என்றார். இருக்கிற ஒரே ஆதாரம் இந்தப் பதிவேடுதான், இதில் மண்சரிவு என்று ஒரு வார்த்தைகூட இல்லையே என்றும் சொன்னார்.

"அன்னைக்குப் பொய் எழுதினீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா சார்? எதுன்னு சொன்னா அதுக்கேத்த படிவம் தரேன்."

மூன்று நாள் அலையவிட்டார்கள். மேஜைக்கு மேஜை அதே கேள்வி, அதே உதட்டுப் பிதுக்கல். பேர்க்காரருக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருப்பார். யாரைக் கேட்பது? கையெழுத்து அவருடையது.

வீட்டில் மகள் வரைபடத்தை விரித்துவைத்து, சமையலறை ஜன்னலை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் வேண்டாம், சரிந்த மண் என்று தையல் அம்மாள் சொல்கிறார் என்றார் பேர்க்காரர்.

"யாரோ சொன்னதுக்கு ஏம்பா பயப்படுறீங்க? நீங்க மலை ஏறி விசாரிச்சு எழுதினதாச்சே. ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் அதைச் சொல்லித்தானே பெருமையடிச்சுக்கிட்டேன்."

இதற்கு மேல் மழுப்ப முடியவில்லை. டீக்கடை பெஞ்சு வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அவமானத்தில் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் வரைபடத்தையே பார்த்துச் சொன்னார்.

அவள் வரைபடத்திலிருந்து கையை எடுத்தாள். "மத்த அறுபத்தொண்ணு?"

"சத்தியமா ஏறினேம்மா."

அவள் வரைபடத்தைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டாள்.

"அங்க கட்டலப்பா. நாளைக்கு வேற இடம் பாக்கப் போறோம். நீங்க வர வேண்டாம். அங்க இருக்கிறவங்ககிட்ட நானே விசாரிச்சுக்கிறேன்."